சாளர ஒளியும் படக்கருவியும்

தமிழில் சாளரத்தைக் குறிக்கும் பழஞ்சொற்களுள் இரண்டு எண்ணிப் பார்ப்பதற்குரியவை. ஒன்று காலதர். 'கால்' என்பது காற்று. 'அதர்' என்பது வழி. காற்று வரும் வழியே காலதர். மற்றொன்று பலகணி. பல கண்களை உடையது என்பது அதன் பொருள். காற்றுக்கு வழியாகவும் வீட்டுக்குக் கண்ணாகவும் விளங்கிய சாளரம், இருபதாம் நூற்றாண்டில் வானளாவிய மாடங்களில் ஏறியபோது காற்றின் வழியை அடைத்துக்கொண்டது. கண்ணாக மட்டுமே எஞ்சியது. அக்கண்ணும் பகற்பொழுதில் உள்ளே இருப்பதைக் காட்டாமல் எதிரே இருப்பதையே காட்டலாயிற்று. வானமும் முகிலும், அண்டை மாடமும், அந்தி வெயிலும் அதில் வந்து தங்கின.

அவ்வாறு தங்கிய ஒளியைப் படக்கருவியால் பிடித்து வைக்க முயன்றவர்களின் வரலாறு சுவை மிக்கது. அது கலையின் வரலாறு மட்டுமன்று. அறிவியலின் வரலாறும் ஆகும். அந்தச் சாளரங்களுக்குப் பின்னால் விளக்கேற்றி உழைத்த மக்களின் வரலாறும் அதனுள் அடங்கியிருக்கிறது.

பாரிஸில் ஒரு மாலை

ஒளிப்படக் கலை தோன்றுவதற்கு முன்னரே சாளரத்தில் பட்டுத் திரும்பும் ஒளி ஓர் அறிஞரின் கருத்தைக் கவர்ந்தது. எத்தியேன் லூயி மாலூஸ் என்பார் பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய பொறியாளர். நெப்போலியனின் எகிப்தியப் படையெடுப்பில் கலந்துகொண்டு, அங்கே நோய்வாய்ப்பட்டுத் திரும்பியவர். 1808 ஆம் ஆண்டில் ஒரு மாலை, பாரிஸ் நகரில் தம் இல்லத்திலிருந்து லக்சம்பர்க் அரண்மனையை நோக்கினார். அதன் சாளரக் கண்ணாடிகளில் மறையும் ஞாயிற்றின் ஒளி பட்டு மின்னியது. எப்பொருளையும் இரட்டையாகக் காட்டும் ஐஸ்லாந்துப் படிகம் ஒன்று அவர் கையில் இருந்தது. அதன் வழியே அவ்வொளியைப் பார்த்துக்கொண்டே படிகத்தை மெல்லத் திருப்பினார். தோன்றிய இரண்டு உருக்களுள் ஒன்று மங்க, மற்றொன்று ஒளிர்ந்தது. மேலும் திருப்பியபோது ஒளிர்ந்தது மங்கியது, மங்கியது ஒளிர்ந்தது.

ஞாயிற்றிலிருந்து நேரே வரும் ஒளிக்கு இல்லாத ஒரு தன்மை, கண்ணாடியில் பட்டுத் திரும்பிய ஒளிக்கு வந்துவிட்டது என்பதை மாலூஸ் உணர்ந்தார். அத்தன்மைக்கு அவர் இட்ட பெயரே இன்று இயற்பியல் நூல்களில் முனைவாக்கம் என வழங்குகிறது. 1812 இல், தம் 36 ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் கண்டதை ஸ்காட்லாந்து அறிஞர் டேவிட் புரூஸ்டர் 1815 இல் ஒரு விதியாக வகுத்தார். கண்ணாடியின் பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து ஏறத்தாழ 56 பாகைக் கோணத்தில் பட்டுத் திரும்பும் ஒளி முழுமையாக முனைவாக்கம் பெறும் என்பது அவ்விதியிலிருந்து கிடைக்கும் முடிவு. நூறாண்டுகளுக்கும் மேலாகிய பின், மாடக் கண்ணாடிகளைப் படமெடுப்போர்க்கு இவ்விதி கைவிளக்காயிற்று.

சாளரத்தில் பிறந்த கலை

ஒளிப்படக் கலையே சாளரத்தில்தான் பிறந்தது எனில் அது மிகையன்று. பிரான்சு நாட்டின் நிசெபோர் நியெப்ஸ் 1826 அல்லது 1827 இல், தம் வீட்டு மாடிச் சாளரத்தருகே ஒரு படக்கருவியை வைத்தார். நிலக்கீல் பூசிய உலோகத் தகட்டில் எதிரேயிருந்த கூரைகளின் உருவம் பதிந்தது. இன்று எஞ்சியுள்ள ஒளிப்படங்களுள் காலத்தால் முந்தியது அதுவே. தகட்டில் உருவம் பதியக் குறைந்தது எட்டு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்பர். அதற்குள் ஞாயிறு கிழக்கிலிருந்து மேற்குக்கு நகர்ந்துவிட்டதால், கட்டடங்களின் இரு பக்கமும் வெயில் பட்டதுபோல் அப்படத்தில் காணப்படுகிறது.

இங்கிலாந்தில் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1835 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தம் லேக்காக் இல்லத்தின் பின்னற் சாளரத்தை ஒரு சிறு தாளில் பதிவுசெய்தார். இன்றுவரை எஞ்சியுள்ள எதிர்ப்படிவங்களுள் அதுவே மூத்தது. சாளரத்தின் ஏறத்தாழ 200 கண்ணாடித் துண்டுகளையும் வில்லையின் துணைகொண்டு எண்ணிவிடலாம் என்று அவர் அதனருகே குறித்து வைத்தார். முதற்படம் சாளரத்தின் வழியே எடுக்கப்பட்டது. முதல் எதிர்ப்படிவம் சாளரத்தையே எடுத்தது.

மாடங்கள் எழுந்தன

கல்லும் செங்கல்லும் சுமை தாங்கிய காலத்தில் சாளரம் பெரிதாக இருத்தல் இயலாது. சுவரைத் துளைத்தால் வலிமை குறையும். கட்டடம் உயர உயரக் கீழ்ச்சுவர் தடித்தாக வேண்டும். இத்தடையை நீக்கியது எஃகுச் சட்டம். 1885 இல் சிக்காகோவில் வில்லியம் லெபாரன் ஜென்னி எழுப்பிய பத்து மாடிக் காப்புறுதிக் கட்டடம், உலோகச் சட்டத்தின்மீது சுமையை ஏற்றிய முன்னோடிகளுள் ஒன்று. மின்தூக்கிகள் மக்களை மேலே கொண்டு சென்றன. சுவர், சுமை தாங்கும் பொறுப்பிலிருந்து விடுபட்டுத் திரைபோல் ஆனது. 1895 இல் நிறைவுபெற்ற சிக்காகோவின் ரிலையன்ஸ் மாடத்தில் சுவரைவிடக் கண்ணாடியே கண்ணுக்குத் தெரிந்தது.

இம்மாடங்களை ஒளிப்படக் கலைஞர்கள் முதலில் தொலைவில் நின்று வியந்தனர். நியூயார்க்கில் ஆல்ஃபிரட் ஸ்டிக்லிட்ஸ், 1902 இல் எழுந்த ஃபிளாட்அயர்ன் மாடத்தைப் பனி பொழிந்த குளிர்காலத்தில் படமெடுத்தார். எட்வர்ட் ஸ்டைக்கன் 1904 இல் அதே மாடத்தை அந்தி மயக்கத்தில் காட்டினார். நனைந்த தெருவில் விளக்கொளி நீண்டு கிடந்தது. பால் ஸ்ட்ராண்ட் 1915 இல் எடுத்த வால் தெருப் படம் வேறு வகையானது. மோர்கன் வங்கியின் மாபெரும் சாளரங்கள் அதில் இருண்ட குழிகளாய் நிற்கின்றன. காலை வெயிலில் நீண்ட நிழலுடன் பணிக்குச் செல்லும் மனிதர்கள் அவற்றின் கீழே எறும்பினும் சிறியராய்த் தோன்றுகின்றனர். வானத்தையோ தெருவையோ எதிரொளிக்காத அந்த இருண்ட சாளரங்கள், செல்வத்தின் முன் தனிமனிதன் நிற்கும் நிலையைச் சொல்லாமற் சொல்லின.

ஸ்டிக்லிட்ஸ் பின்னர் ஷெல்டன் விடுதியின் உயர்ந்த தளத்தில் குடியேறினார். 1930 களின் தொடக்கத்தில், தம் சாளரத்திலிருந்து தெரிந்த காட்சியையே வெவ்வேறு பொழுதுகளில் மீண்டும் மீண்டும் படமெடுத்தார். காலையில் ஒளிர்ந்த சுவர் மாலையில் கருத்தது. இரவில் சாளரங்கள் மட்டும் புள்ளிகளாய்த் தெரிந்தன. கட்டடம் மாறவில்லை, ஒளியே மாறியது. மாடத்தைப் படமெடுப்பது என்பது ஒளியைப் படமெடுப்பதே என்னும் உண்மை அவ்வரிசையில் விளங்கியது.

ஒரு முதியவரும் ஓர் இளம்பெண்ணும்

இக்காலத்தில் பாரிஸ் நகரில் எழேன் ஆட்சே என்னும் முதியவர், கனத்த மரப்பெட்டிப் படக்கருவியைச் சுமந்து திரிந்தார். மறைந்துவரும் பழைய பாரிஸைப் பதிவுசெய்வதே அவர் தொழில். 1925 ஆம் ஆண்டளவில் அவர் எடுத்த கடைச் சாளரப் படங்களில், கண்ணாடிக்குப் பின்னே ஆடையணிந்த பொம்மைகள் நிற்கின்றன. அவற்றின்மீதே எதிர்த்தெருவின் மரங்களும் கட்டடங்களும் படிந்து கிடக்கின்றன. உள்ளும் புறமும் ஒரே பரப்பில் ஒன்றிய அக்காட்சியைப் பிழையென்று தள்ளாமல் அவர் காத்து வைத்தார்.

பெரனிஸ் ஆபட் என்னும் அமெரிக்கப் பெண் பாரிஸில் அவரைக் கண்டார். அவர் படங்களின் அருமையை உணர்ந்தார். 1927 இல் ஆட்சே மறைந்தபோது, அவருடைய கண்ணாடித் தகடுகளும் படங்களும் சிதறிப் போகும் நிலையில் இருந்தன. ஆபட் அரும்பாடுபட்டு அவற்றுள் பெரும்பகுதியை விலைக்கு வாங்கிக் காத்தார். நாற்பது ஆண்டுகள் அவை அவர் பொறுப்பில் இருந்தன. 1968 இல் நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடம் அவற்றைப் பெற்றுக்கொண்டது. அந்த இளம்பெண்ணின் விடாமுயற்சி இல்லாதிருப்பின், ஆட்சேயின் சாளரங்களுள் பெரும்பாலானவற்றை உலகம் இழந்திருக்கக்கூடும்.

1929 இல் நியூயார்க் திரும்பிய ஆபட், பழைய வீடுகள் இடிபட்டு மாடங்கள் எழுவதைக் கண்டார். ஆட்சே பாரிஸுக்குச் செய்ததைத் தாம் நியூயார்க்குக்குச் செய்ய உறுதிபூண்டார். அவர் எடுத்த படங்களுள் தலைசிறந்தது, 1932 ஆம் ஆண்டினது எனக் குறிக்கப்படும் இரவுக் காட்சி. எம்பயர் ஸ்டேட் மாடத்தின் உயரத்திலிருந்து கீழ்நோக்கி எடுக்கப்பட்ட அப்படத்தில், ஆயிரக்கணக்கான சாளரங்கள் ஒளிவிடுகின்றன.

அப்படத்தை எடுக்க அவர் போட்ட கணக்கு மாணவர் அறியத்தக்கது. அலுவலகங்கள் மாலை ஐந்து மணிக்கு மூடப்படும். உடனே விளக்குகள் அணையும். ஐந்து மணிக்கு முன்பே வானம் இருண்டிருத்தல் வேண்டும். ஆண்டின் மிகக் குறுகிய பகற்பொழுதையுடைய டிசம்பர் நாள்களில் மட்டுமே அது கூடும். அந்நாளிலும் நாலரை மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையிலுள்ள சிறுபொழுதே வாய்ப்பு. படம் பதிய 15 நிமிடம் தேவை. காற்றில் கருவி அசைந்தால் எல்லாம் வீண். ஆகவே மாடத்தின் உட்புறத்தில், ஒரு சாளரத்தின் அருகே கருவியை நிறுத்தினார். ஆண்டு முழுதும் காத்திருந்து, ஒரே முயற்சியில் அப்படத்தைப் பெற்றார்.

அது பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம் என்பதை மறத்தலாகாது. 1933 ஆம் ஆண்டளவில் அமெரிக்க உழைப்பாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையற்றிருந்தனர். 1931 இல் திறக்கப்பட்ட எம்பயர் ஸ்டேட் மாடத்தின் பெரும்பகுதி குடியேறுவாரின்றி வெறுமையாய்க் கிடந்தது. அந்நிலையில் ஒளிரும் ஒவ்வொரு சாளரமும், அன்று வேலையிழக்காத ஒருவர் இன்னும் மேசையருகே அமர்ந்திருக்கிறார் என்பதற்குச் சான்று. அழகென்று காண்பார்க்கு அது விண்மீன் கூட்டம். வரலாறு அறிந்தார்க்கோ அது ஒரு நகரத்தின் உழைப்புக் கணக்கு.

ஏறத்தாழ 6500 சாளரங்களைக் கொண்ட அந்த மாடத்தை எழுப்பிய தொழிலாளரையும் ஒருவர் படமெடுத்து வைத்தார். லூயிஸ் ஹைன் என்னும் அவர், ஐம்பது வயதைக் கடந்த நிலையில் எஃகுச் சட்டங்களின்மீது அவர்களுடன் ஏறி, 1930–31 இல் அப்பணியைச் செய்தார். 1940 இல் அவர் வறுமையில் இறந்தார். சாளரங்களின் ஒளியைக் காண்போர், அவற்றைச் சட்டத்தில் பொருத்திய கைகளையும் நினைத்தல் வேண்டும்.

கண்ணாடியே சுவராயிற்று

பெர்லின் நகரின் ஃபிரீட்ரிக் தெருவில் முற்றிலும் கண்ணாடியாலான ஒரு மாடத்தை எழுப்பலாம் என 1921 இல் மீஸ் வான் டெர் ரோ என்னும் கட்டடக் கலைஞர் திட்டமிட்டார். கட்டப்படாத அம்மாடத்தைத் தெருவின் ஒளிப்படத்தின்மீதே கரியால் வரைந்து காட்டினார். கண்ணாடி உருப்படிகளைக் கொண்டு சோதித்துப் பார்த்து, இத்தகைய கட்டடத்துக்கு உயிர் தருவது ஒளி நிழல் வேறுபாடன்று, எதிரொளிகளின் விளையாட்டே என்னும் முடிவுக்கு வந்தார்.

அக்கனவு நனவாக முப்பது ஆண்டுகள் சென்றன. 1952 இல் நியூயார்க்கின் பார்க் அவென்யூவில் 24 மாடி லீவர் இல்லம் பசுநீலக் கண்ணாடியால் எழுந்தது. அதன் சாளரங்கள் திறவாதவை. காலதர் என்னும் பெயர் அங்கே பொருளிழந்தது. 1958 இல் அதே சாலையில் மீஸ் வடிவமைத்த 38 மாடி சீக்ராம் மாடம் நிறைவெய்தியது. இரவில் மாடம் முழுதும் சீராக ஒளிரும்படி, வெளிச்சுவரையொட்டிய கூரைவிளக்குகள் முன்கூட்டியே திட்டமிடப்பட்டன. எஸ்ரா ஸ்டோலர் அதை அந்தி வேளையில் படமெடுத்தார். ஆபட் காத்திருந்து பிடித்தது மக்கள் தத்தம் தேவைக்கு ஏற்றிய விளக்கொளி. ஸ்டோலர் பிடித்தது காண்பதற்கென்றே வகுக்கப்பட்ட ஒளி. ஏறத்தாழக் கால் நூற்றாண்டில் நேர்ந்த இம்மாற்றம் கருதத்தக்கது.

இதற்கிடையே கண்ணாடியும் மாறியது. முன்பு தட்டையான கண்ணாடி வேண்டுமெனில் இரு பக்கமும் தேய்த்து மெருகேற்ற வேண்டும். மலிவான கண்ணாடியில் அலைகள் தெரியும். உருகிய வெள்ளீயத்தின்மீது உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டுத் தட்டையாக்கும் முறையை இங்கிலாந்தின் அலஸ்டர் பில்கிங்டன் 1950 களில் உருவாக்கினார். 1959 இல் அது வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன்பின் மாடங்கள் பேராடிகளாயின.

அவ்வாறு எழுந்தவற்றுள் பாஸ்டன் நகரின் ஜான் ஹான்காக் மாடம் பெயர்பெற்றது. ஐ. எம். பேயின் நிறுவனத்தைச் சேர்ந்த ஹென்றி காப் அதை வடிவமைத்தார். அறுபது மாடிகளைக் கொண்ட அது முடிவதற்கு முன்பே, 1973 ஆம் ஆண்டுப் புயற்காற்றில் கண்ணாடிப் பலகைகள் பல பெயர்ந்து விழுந்தன. வெற்றிடங்களை ஒட்டுப்பலகையால் அடைத்தனர்; நகரத்தார் எள்ளி நகையாடினர். இறுதியில் 10,344 பலகைகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. 1976 இல் மாடம் திறக்கப்பட்டபோது, அருகேயிருந்த 1877 ஆம் ஆண்டின் திரித்துவத் தேவாலயம் அக்கண்ணாடியில் முழுமையாகத் தெரிந்தது. பழைய கற்கோயிலைப் புதிய கண்ணாடி விழுங்கிவிடும் என அஞ்சியோர் இருந்தனர். அக்கோயிலை இருமுறை காட்டும் அக்காட்சியைப் பின்னர் எண்ணற்ற படக்கருவிகள் பதிவுசெய்தன.

அருகிலுள்ள பொருளின் நிறத்தைத் தன்மேல் காட்டும் பளிங்கின் இயல்பை வள்ளுவர் குறிப்பறிதல் அதிகாரத்தில் மனித முகத்துக்கு உவமையாக்கினார். நகரத்தின் முகமாகிய மாடங்களுக்கும் அவ்வுவமை பொருந்துவதாயிற்று.

உள்ளொளியும் புறவொளியும்

கண்ணாடி ஏன் பகலில் ஆடியாகவும் இரவில் விளக்காகவும் தோன்றுகிறது? தெளிந்த கண்ணாடியில் நேரே படும் ஒளியில் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு திரும்புகிறது. இரு பரப்பிலும் சேர்ந்து எட்டுப் பங்கு. சாய்வாகப் படும்போது அப்பங்கு மிகும். பகலில் வெளியே ஒளி மிகுதி. அதன் சிறு பங்கே உள்ளறையின் மங்கலான ஒளியை வென்றுவிடும். இரவில் வெளியொளி இல்லை, உள்விளக்கு வெல்லும். இரண்டும் ஏறத்தாழ நிகராக நிற்பது அந்தியில் சில நிமிடங்களே. அப்பொழுது ஒரே சாளரத்தில் செவ்வானமும் தெரியும். உள்ளே எழுதிக்கொண்டிருப்பவரும் தெரிவார். மாடங்களைப் படமெடுப்போர் அந்திக்குக் காத்திருப்பதன் காரணம் இதுவே.

எதிருருவைப் படமெடுப்பதில் மற்றுமோர் உண்மை உண்டு. 20 மீட்டர் தொலைவிலுள்ள கண்ணாடியில், அதனெதிரே 50 மீட்டர் தள்ளியிருக்கும் கோபுரம் தெரிகிறது எனக் கொள்வோம். கருவியின் வில்லையை 20 மீட்டருக்குக் குவித்தால் கண்ணாடியின் சட்டம் தெளிவாகும், கோபுரம் மங்கும். கோபுரம் தெளிவாக வேண்டுமெனில் 70 மீட்டருக்குக் குவித்தல் வேண்டும். எதிருரு கண்ணாடியின்மேல் இல்லை, அதற்கு அப்பால் இருக்கிறது என்னும் பள்ளிப் பாடம் இங்கே கண்கூடாகிறது.

எதிரொளி வேண்டாதபோது அதை நீக்குவதற்கு மாலூஸ் கண்ட வழி பயன்படுகிறது. எட்வின் லேண்ட் 1929 இல் மலிவான முனைவாக்கத் தாளை உருவாக்கிய பின், அது படக்கருவியின் வடிகட்டியாயிற்று. உரிய கோணத்தில் நின்று அதைத் திருப்பினால், கண்ணாடியின் மேலுள்ள வானம் மறைந்து உள்ளறை தோன்றும். ஆயினும் உலோகப் பூச்சுடைய கண்ணாடியில் அது முழுப்பயன் தராது. உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி அவ்வாறு முனைவாக்கம் பெறுவதில்லை.

இவ்வுண்மையைக் கருவியாகக் கொண்டு பேருண்மை ஒன்றைக் கண்டவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன். 1921 இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது, கடலின் நீலம் வானத்தின் எதிரொளியே என்னும் அக்காலக் கருத்தை அவர் ஐயுற்றார். நிக்கல் பட்டகத்தின் வழியே உரிய கோணத்தில் கடலை நோக்கி, மேற்பரப்பின் எதிரொளியை விலக்கினார். நீலம் மறையவில்லை. நீரே ஒளியைச் சிதறச்செய்து அந்நிறத்தைத் தருகிறது என்று நிறுவினார். அன்று தொடங்கிய தேடல் 1928 இல் இராமன் விளைவாகவும், 1930 இல் நோபல் பரிசாகவும் கனிந்தது. பாரிஸ் சாளரத்தில் ஒருவர் கண்டதும், நடுக்கடலில் ஒரு தமிழர் கண்டதும் ஒரே பாடத்தின் இரு பகுதிகள்: மேலே மின்னுவதை விலக்கிப் பார்த்தாலன்றி உள்ளிருப்பது விளங்காது.

கண்ணாடி கற்பிக்கும் பாடம்

பேயின் வடிவமைப்பில் சிங்கப்பூரின் பீச் ரோட்டில் 1990 இல் எழுந்த இரட்டைக் கண்ணாடி மாடங்கள், பாஸ்டன் மாடத்தின் உறவினர் எனத்தக்கவை. 1998 இல் நிறைவெய்திய கோலாலம்பூரின் 452 மீட்டர் இரட்டைக் கோபுரங்கள் எஃகாலும் கண்ணாடியாலும் அந்தி ஒளியை ஏந்துகின்றன. பாரிஸிலும் நியூயார்க்கிலும் தொடங்கிய வரலாறு இவ்வாறு மலேசிய, சிங்கப்பூர் மாணவர்களின் பள்ளி வழியிலேயே வந்து நிற்கிறது.

அழகுக்கு விலையும் உண்டு. 2023 அக்டோபரில் சிக்காகோவின் மெக்கார்மிக் பிளேஸ் கட்டடத்தின் கண்ணாடிகளில் மோதி, ஒரே நாளில் ஏறத்தாழ ஆயிரம் பறவைகள் மடிந்தன. இரவில் வலசை செல்லும் பறவைகளை விளக்கொளி ஈர்க்கிறது; தெளிந்த கண்ணாடியைத் தடையென்று அவை அறிவதில்லை. மறு ஆண்டு அக்கண்ணாடிகளில் பறவைகளின் கண்ணுக்குப் புலப்படும் புள்ளிகள் ஒட்டப்பட்டன. கண்ணாடி காட்டுவதையெல்லாம் மெய்யென்று நம்பிய உயிர்களுக்கு நேர்ந்த கதி அது.

சாளர ஒளியைப் படமெடுத்த பெரியோர் அனைவரும் அக்கண்ணாடியை ஐயுற்றுப் பார்த்தவர்களே. எங்கே நிற்பது, எப்பொழுது வருவது, எதை விலக்குவது, எதைச் சேர்த்துக்கொள்வது என்று அவர்கள் ஆய்ந்தனர். வரலாறு கற்போர்க்கும் அதுவே நெறி. ஓர் ஆவணத்தில் எழுதியவரின் காலமும் எதிரொளிக்கும். அதற்குப் பின்னால் உண்மை மனிதரும் இருப்பர். ஒன்றைக் கண்டு மற்றொன்றை மறத்தல் கூடாது.

மாலைப்பொழுதில் உயர்ந்த மாடமொன்றில் முதல் விளக்கு ஏற்றப்படும்போது, அதைச் சற்றே நின்று நோக்குதல் நன்று. செவ்வானம் கண்ணாடியின் மேலே இருக்கும். அதன் பின்னே, பணி முடியாத ஒருவர் இன்னும் அமர்ந்திருப்பார். இரண்டையும் ஒருசேரக் காணும் கண்ணே கல்வி பெற்ற கண்ணாகும்.